சாக்கடையில் பால்

தெருச் சாக்கடைக்குள் கழிவைச் சோதிக்கும் ஒளிக்கண் அன்றும் சிவந்து, தெருமுனைப் பலகையில் ‘பால்’ என்று காட்டியது. கழிவு தெளியும்வரை தெருவுக்கே குழாய்த் தண்ணீரை நிறுத்திவிடுவார்கள்.

“எவளோ கொழுப்பெடுத்தவ பாலைக் கொண்டு சாக்கடையில கொட்டுதா. கண்டுபிடிச்சு வீட்டைக் காலி பண்ண வைக்கணும்” என்று காலிக் குடங்களோடு நின்ற பெண்கள் கொதித்தார்கள்.

அவர்கள் சார்பில் வீடுவீடாகத் தேடிவந்த இசக்கியம்மாள் கடைசி வீட்டுக் கதவைத் தள்ளினாள். உள்ளே கோமு, சாக்கடைக்குத் தண்ணீர் போகும் அங்கணத்தில் குனிந்து தன் மார்பைப் பிதுக்கிக்கொண்டிருந்தாள். அவள் பிள்ளையைப் புதைத்து ஒரு வாரம்கூட ஆகவில்லை.

“பால் நிக்க மாட்டேங்கு சித்தி. வலி தாங்க முடியல.”

வாய்வரை வந்த வசவை இசக்கியம்மாள் விழுங்கிக்கொண்டாள்.

“இனிமே கிண்ணத்துல பீச்சி வை தாயி. எங்க வீட்டுச் செம்பருத்திச் செடி மூட்டுல ஊத்திருதேன். அந்தப் பூ அம்மனுக்குப் போகட்டும்.”

வெளியே வந்ததும் அந்தப் பெண்கள், “யாருன்னு தெரிஞ்சுதா?” என்று கேட்டார்கள்.

“நான்தான். பால் திரிஞ்சுபோச்சு, ஊத்திட்டேன்.”

“கொட்டினவளே தேடவும் வந்தியாக்கும்? நீயெல்லாம் ஒரு பொம்பளையா?”

கோமுவின் காதில் விழாதபடி கதவை இழுத்துச் சாத்திவிட்டு, இசக்கியம்மாள் அத்தனை ஏச்சையும் நின்று வாங்கிக்கொண்டாள்.