குளியலறை ஃபேன்

ஜெலுத்தோங்கில் அன்னமேரி குடியிருந்த அடுக்குமாடி வீட்டின் குளியலறைக்கு ஜன்னலே கிடையாது. பிளீச் ஊற்றி எவ்வளவு தேய்த்தாலும் சுவரில் கரும்பூசணம் திரும்பத் திரும்பப் படர்ந்தது. மகள் பெவர்லிக்கு இளைப்பு விடவே இல்லை.

எலெக்ட்ரீசியன் கோகுலன் வந்து, ஈரக்காற்றை வெளியே தள்ளும் ஃபேனைச் சுவரில் பொருத்தினான். ஃபேனை ஓடவிட்டு, ஒரு டிஷ்யூவை அதன் வலைமேல் வைத்தான். அது ஒட்டிக்கொண்டது.

"பாத்தீங்களாக்கா, நல்லா இழுக்குது லா. இனிமே பூசணம் வராது."

அவன் சொன்னபடியே பூசணம் வரவில்லை. பெவர்லியின் இளைப்பும் அன்றோடு நின்றது. இளைப்பு வந்தால் அவள் வாயில் அடித்துக்கொள்ளும் மருந்து பம்ப் எங்கே கிடக்கிறது என்பதுகூட வீட்டில் மறந்துபோனது.

ஒரு சனிக்கிழமை மதியம் அன்னமேரி ஃபேனை நிறுத்திவிட்டு, ஸ்டூலில் ஏறி வலையைத் துடைத்தாள். கோகுலன் செய்ததுபோலவே ஒரு டிஷ்யூவின் ஓரத்தை வலையில் செருகிப் பார்த்தாள். நன்றாகவே ஒட்டியது. சுவிட்சைத் தான் இன்னும் போடவில்லை என்பது அதற்குப் பிறகுதான் அவள் நினைவுக்கு வந்தது.

டிஷ்யூ விலகியது. மறுபடி ஒட்டியது. ஒவ்வொரு தடவையும் உள்ளேயிருந்து மெல்லிய விசில் சத்தம் வந்தது. பல வருடம் மகளருகே இரவெல்லாம் விழித்திருந்து அவள் கேட்ட சத்தம் அது.

பதறிப்போய் உள்ளங்கையால் வலையை அழுத்தி மூடினாள்.

"அம்மா!" கூடத்தில் டிவி பார்த்துக்கொண்டிருந்த பெவர்லியின் குரல் திணறியது. "பம்ப் எங்கம்மா?"

அன்னமேரி சட்டென்று கையை எடுத்தாள். டிஷ்யூ ஒட்டியது. கூடத்தில் திணறல் அடங்கியது.

டிஷ்யூ விலகியது. அது மறுபடி ஒட்டுவதற்காக, ஸ்டூலில் நின்றபடியே, அன்னமேரி மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.