பதினொரு சென்டிமீட்டர்

கடல் கடந்து வந்த ஸ்கேன் கருவிக்குச் சிறுநீரகம் என்றால் பதினொரு சென்டிமீட்டர். அதன் ஊரில் முக்கால்வாசிப் பேருக்கு அப்படித்தான். இங்கே வந்த நாளாக எந்த வயிற்றில் பார்த்தாலும் ஒன்பதரைதான். "ஐயோ பாவம், சவலை!" என்று உச்சுக் கொட்டியபடியே அளந்து வந்தது.

ஒருநாள் இடுப்பு வலி என்று முருகாயி வந்து படுத்தாள். வலது சிறுநீரகம் வழக்கம்போல ஒன்பதரை. இடது பதினொன்று!

கருவிக்கு வாயெல்லாம் பல். "அப்பாடா! இந்த ஊரில் நீ ஒருத்தனாவது நன்றாக வளர்ந்திருக்கிறாயே!"

இடது முனகியது. "வளர்த்தியா? கல் அடைச்சு வீங்கிக் கிடக்கேன் ஐயா. டாக்டர்கிட்டச் சொல்லுங்க."

"அப்போ பக்கத்திலிருக்கிற அந்தச் சவலை?"

"அவனா? மூணு நாளா என் வேலையையும் சேர்த்துச் சீட்டியடிச்சுக்கிட்டே பார்க்கிறான்."