ஃபியூஸ் பிடுங்கும் நாள்

"ஏட்டி, எல்லாத்தையும் போடு. ஃபேனு, டிவி, ட்யூப்லைட்டு, ஒண்ணு பாக்கி விடாத."

கலைச்செல்வி அம்மாவை ஒரு மாதிரி பார்த்தாள். நடுப்பகலிலும் விளக்கில்லாமல் முகம் தெரியாத தாராவி மாடியறை அது. அந்த இருட்டிலேயே உலை வைத்து, ஃபேன் சுவிட்சுப் பக்கம் யார் கை போனாலும் முறைக்கிற அம்மாவா இப்படிப் பேசுகிறாள்?

"இன்னைக்கு ஃபியூஸப் பிடுங்க வாரான்லா. அதுவரைக்கும் ஓடட்டும். கடைசியா ஒரு தடவ ஆசதீர காத்து வாங்கிக்கிடுவோம்," என்றாள் செண்பகவல்லி.

அவள் மாட்டுங்காவில் வீட்டு வேலை செய்கிறவள். புருஷன் இசக்கிதுரைக்குத் தோல் பட்டறையில் வாரக்கூலி. இருந்த ஓட்டு அறையை இடித்து மாடி எழுப்பிக் குடியேறிய நாளிலிருந்து பிடித்தது சனியன். கரண்ட் பில் மாதத்துக்கு மாதம் எகிறியது. முதலில் டிவியை மூடி வைத்தாள். பிறகு மிக்ஸி பரணுக்குப் போனது. ஃபிரிட்ஜை விற்றாள். கடைசியில் ஃபேனையும் அணைத்துவிட்டு, அட்டையால் விசிறி விசிறி மகளைத் தூங்கவைத்தாள். பில் கூடியதே தவிரக் குறையவில்லை.

விடுவாளா? வேலைக்கு லீவு போட்டு ஆபீஸ் படி ஏறினாள். ஒருவன் வந்து மீட்டரைச் சோதித்தான். மீட்டர் ஒழுங்காகத்தான் ஓடுகிறது, நீங்கள்தான் கண்டபடி எரிக்கிறீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனான். அவள் வீட்டில் எரிந்ததெல்லாம் அவள் வயிறுதான்.

எதிர் அறை பூலோகம் அண்ணாச்சிக்கு இந்தக் கவலையெல்லாம் கிடையாது. டெம்போ ஓட்டுகிறவர். இரண்டு குடும்பமும் சேர்ந்துதான் மாடி எழுப்பியது. ஒரே கொத்தனார், ஒரே வயர்மேன், மாடிப்படிக்கு அடியில் ஒரே பெட்டியில் இரண்டு மீட்டர். இந்தக் கோடையில் அவர் ஏசி வேறு வாங்கிப் போட்டிருந்தார். அப்படியும் அவருக்கு பில் மாதாமாதம் குறைந்துகொண்டே வந்தது. அது எப்படி என்று ஒரு நாள் செண்பகவல்லி வாய்விட்டே கேட்டுவிட்டாள்.

"சூட்சுமம் தெரியணும் தங்கச்சி. ஏசிய இருபத்தாறுல வச்சிட்டுப் போர்வைய மூடிப் படுக்கணும். ஒங்களுக்குச் சிக்கனம்னா என்னன்னே தெரியல," என்று அவர் மீசையைத் தடவிக்கொண்டார்.

மூடிப் படுக்கப் போர்வை இருந்தது. ஏசிக்கு எங்கே போவது? ஆனாலும் அவர் சொல்வதில் ஏதோ இருக்கும், நமக்குத்தான் சாமர்த்தியம் போதாது என்று அவள் தன்னையே நொந்துகொண்டாள். அன்றிலிருந்து செல்போனைக்கூட வேலை பார்க்கிற வீட்டில்தான் சார்ஜ் போட்டாள்.

இந்த மாதம் இரண்டும் ஒன்றாக வந்து நின்றன. ஒரு பக்கம் பில் பாக்கி, கட்டாவிட்டால் இணைப்பை வெட்டுவோம் என்ற நோட்டீசோடு. மறுபக்கம் கலைச்செல்வியின் நர்சிங் படிப்புக்கு ஃபீஸ். கையில் இருந்தது ஒன்றுக்குத்தான் போதும். பிள்ளை ஒரு வருஷம் கழித்துச் சேரட்டுமே என்று இசக்கிதுரை மெதுவாக இழுத்தான்.

"கரண்டு இல்லாம இருந்துக்கிடலாம். படிப்பு இல்லன்னா இவளும் என்னய மாதிரி ஊரு பாத்திரத்தத் தேய்க்கணும்," என்றாள் செண்பகவல்லி.

ஃபீஸைக் கட்டிவிட்டு வந்த கையோடு ஒரு சார்ஜ் லைட் வாங்கினாள். வேலை பார்க்கிற வீட்டு நாகலக்ஷ்மி மாமியிடம், தினமும் அதை அங்கே சார்ஜ் போட்டுக்கொள்ள அனுமதியும் வாங்கிவிட்டாள். இனி யார் வந்து எதைப் பிடுங்கினாலும் அவளுக்குப் பயமில்லை.

மத்தியானம் லைன்மேன் வந்தான். இவள் அழுவாள், காலில் விழுவாள் என்று எதிர்பார்த்தானோ என்னவோ, கொஞ்சமாவது கட்டினால் விட்டுவிடுகிறேன் என்று இந்தியில் அவனே இரங்கினான். செண்பகவல்லி கேட்கவில்லை. முன்னால் இறங்கிப் போய், பெட்டியைத் திறந்து, தன் பேர் ஒட்டியிருந்த மீட்டரைக் காட்டினாள்.

"யஹீ ஹை பையா. நிகாலோ," இதுதான், பிடுங்கு என்று அவன் பாஷையிலேயே சொன்னாள்.

பிறகு மேலே பார்த்து, சார்ஜ் லைட்டை எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லி மகளுக்குக் குரல் கொடுத்தாள். கண் என்னவோ கலங்கத்தான் செய்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டாள். லைன்மேன் ஃபியூஸைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டான்.

மேலே டிவி பாடிக்கொண்டே இருந்தது.

"யம்மா, ஃபேனு நிக்கவே இல்ல," என்று கலைச்செல்வி படியில் எட்டிப் பார்த்தாள்.

நின்றது, சந்துக்கு மேலே உறுமிக்கொண்டிருந்த எதிர் அறை ஏசி. ரிமோட்டைத் தட்டிக்கொண்டே, வேர்த்து வடிய பூலோகம் இறங்கி வந்தார். என் லைனை எதற்கு வெட்டினாய் என்று லைன்மேனிடம் எகிறினார். அவன் மீட்டரில் ஒட்டியிருந்த செண்பகவல்லியின் பேரைப் படித்துக் காட்டினான்.

செண்பகவல்லி மீட்டரைப் பார்த்தாள். அண்ணாச்சியின் கையிலிருந்த ரிமோட்டைப் பார்த்தாள். அட்டையால் விசிறிய இரவெல்லாம் அவளுக்கு அப்போதுதான் விளங்கியது.

"அது எம்பேர்ல உள்ள மீட்டருதான் அண்ணாச்சி, ஒங்க வீட்டுக்கு ஓடியிருக்கு. பாக்கியக் கெட்டினாத்தான் திரும்ப மாட்டுவாவளாம், போய்க் கெட்டிட்டு வாங்க," என்றாள் நிதானமாக. "அதுவரைக்கும் வேர்த்தா நம்ம வீட்டுல வந்து இருங்க. அங்க ஃபேனு ஓடுது."