ஒருத்தரும் தேறவில்லை

"இறக்கத்துல போறப்ப பிரேக் பிடிக்கலைன்னா என்ன செய்வீங்க?"

மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த பெண் கேட்டாள். வயது முப்பதுகூட இருக்காது. முகத்தில் சிரிப்புக்கு இடமே இல்லை.

டிரைவருக்கு இதெல்லாம் தண்ணீர் பட்ட பாடு.

"கியரை ஒவ்வொண்ணாக் குறைப்பேன். கைப்பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமா இழுப்பேன். மேட்டுப் பக்கமா ஒதுக்கி நிறுத்திடுவேன்மா."

"தப்பு."

"எதும்மா தப்பு?"

"எல்லாமே. உங்களுக்கு வண்டி ஓட்டுற தகுதியே இல்லை. அடுத்தவரை வரச் சொல்லுங்க."

மீசை அரும்பிய நாளிலிருந்து ஸ்டியரிங் பிடிக்கிறவர் அவர். பள்ளிக்கூட பஸ்ஸில் எத்தனையோ பிள்ளைகளை ஏற்றி இறக்கியிருக்கிறார். ஒரு பிள்ளைக்கு ஒரு சிராய்ப்பு வந்ததில்லை. பள்ளிக்கூடம் பஸ்ஸை விற்றபோது அவரையும் சேர்த்து இறக்கிவிட்டுவிட்டது. அன்றிலிருந்து வீட்டில்தான் இருக்கிறார். வீட்டில் இருக்கிற ஆண்பிள்ளைக்கு என்ன மரியாதை கிடைக்குமோ, அது கிடைத்துக்கொண்டிருக்கிறது.

வெளியே வராந்தாவில் மனைவி கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு காத்திருந்தாள். பையில் வளையல்களை விற்ற பணம். 'வெளிநாட்டில் வேலை, கை நிறையச் சம்பளம், முன்பணம் கட்டினால் அன்றைக்கே ஆர்டர்' என்று போனில் வந்த விளம்பரத்தை முதலில் பார்த்தவளே அவள்தான்.

"என்னங்க, எங்க கட்டணும்? பக்கத்து ரூமிலயா?"

"கட்ட வேண்டாம். எனக்கு வண்டி ஓட்டத் தெரியாதாம்."

"யாருக்கு? உங்களுக்கா?"

அவர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு சுவரோரமாக உட்கார்ந்துவிட்டார். மனைவிக்கு அது பொறுக்கவில்லை. வீட்டில் ஆயிரம் சொல்வாள். அதற்காக வெளியாள் சொல்லலாமா?

அதற்குள், அடுத்து உள்ளே போயிருந்த வெல்டர் வெளியே வந்தார். நெருப்பைக் கண்டால் அவருக்குப் பயமாம், அதனால் தேறவில்லையாம். அடுத்து வந்த நர்ஸுக்கு முகத்தில் கருணை போதாதாம்.

"இவ மூஞ்சியில வழியுதாக்கும்!" என்று பொரிந்து தள்ளினாள் நர்ஸ். "பெரிய மகாராணி! யாரு வயித்துல அடிக்கலாம்னே காலையில எந்திரிச்சு வர்றா போல."

சமையல்காரர், தையல்காரர், லிஃப்ட் மெக்கானிக் என்று வரிசையாக உள்ளே போனார்கள். போன வேகத்தில் திரும்பினார்கள். வாய்க்கு வந்தபடி அவளைத் திட்டிக்கொண்டே படியிறங்கினார்கள்.

வராந்தா காலியானது. டிரைவரின் மனைவி மட்டும் நகரவில்லை.

"வா, போகலாம். நமக்குக் கொடுத்து வைக்கலை" என்றார் அவர்.

"நீங்க சும்மா இருங்க. அவளை நறுக்குன்னு நாலு வார்த்தை கேட்காம நான் வர்றதா இல்லை."

புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு போனவள், பாதி திறந்திருந்த கதவருகே அப்படியே நின்றுவிட்டாள். உள்ளே, பக்கத்து ரூம் வழியாக அப்போதுதான் வந்திருந்த மேனேஜர், அந்தப் பெண்ணைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தான்.

"பேருக்கு ரெண்டு பேரைத் தள்ளு, அப்பதான் நிஜ கம்பெனின்னு நம்புவாங்கன்னு சொன்னா, வந்த அத்தனை பேரையும் தள்ளி வச்சிருக்கே! நாளைக்கு ரூமைக் காலி பண்ணிட்டு ஊரை விட்டுக் கிளம்பணும். இன்னிக்கு ஒரு பைசா வரலை. போ வெளியே!"

அந்தப் பெண் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். வாசலில் நின்றவளைப் பார்த்ததும், உதட்டில் விரலை வைத்துப் படிப்பக்கம் கை காட்டினாள். டிரைவரும் ஒன்றும் புரியாமல் எழுந்து பின்னால் வந்தார்.

தெருவுக்கு வந்ததும் மனைவி கேட்டாள்.

"அப்ப... வேலை?"

"வேலையே கிடையாதுக்கா. வாசல்ல ஒரு போர்டு இருக்கா, பாருங்க. கட்டுற பணத்துக்கு ரசீதும் தர மாட்டாங்க. வேலை குடுக்கிறவன்தான் நமக்குச் சம்பளம் தரணும், நம்மகிட்ட முன்பணம் கேட்கக் கூடாது. எனக்கே இது லேட்டாத்தான் புரிஞ்சுது. நானும் பணத்தைக் கட்டித்தான் அந்த நாற்காலியில வந்து உட்கார்ந்தேன்."

மனைவியின் கை தானாகக் கைப்பையைத் தடவிப் பார்த்தது. கேட்க வந்த நாலு வார்த்தையில் ஒன்றுகூட நினைவில் இல்லை. கண்தான் கலங்கியது.

"இப்ப எங்கம்மா போறே?" என்றார் டிரைவர்.

"போலீஸ் ஸ்டேஷனுக்கு, அண்ணே. அவன் கிளம்புறதுக்குள்ள சொல்லிடணும்."

"தனியாவா? நாங்களும் வர்றோம், நட."

கொஞ்ச தூரம் நடந்தவர், மெல்லக் கனைத்துக்கொண்டார்.

"அந்த பிரேக் கேள்விக்கு நான் சொன்னது..."

"சரியாத்தான் இருக்கும் அண்ணே. எனக்கு சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று என்று மனைவி அவரையே பார்த்தாள். பிறகு அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏம்மா, விஷயத்தை அப்பவே எங்க காதுல போட்டிருக்கலாமே? எல்லார் வாயிலயும் விழுந்து, இத்தனை திட்டு வாங்கணுமா?"

"நேத்து ஒருத்தர்கிட்ட சொல்லிப் பார்த்தேன்க்கா. 'நான் முன்னுக்கு வர்றது உனக்குப் பொறுக்கலையா?'ன்னு கேட்டுட்டு, நேராப் போய்ப் பணத்தைக் கட்டிட்டார். ஏமாத்துறாங்கன்னு சொன்னா ஒருத்தரும் நம்ப மாட்டேங்கிறாங்க. உங்களுக்குத் தகுதி இல்லைன்னு சொன்னா, உடனே நம்பிடுறாங்க."