பச்சைச் சாயம்

மழைநீர்க் கால்வாயில் கழிவுநீரை விட்டால் குடிநீர் இணைப்பைத் துண்டிப்போம் என்று நகராட்சி புது விதி போட்டது.

யார் விடுகிறார்கள் என்று பார்க்க, வீடு வீடாய்க் கழிவுநீர்க் குழாயில் பச்சைச் சாயம் ஊற்றியே சுகாதார இன்ஸ்பெக்டருக்கு இடுப்பு ஒடிந்தது. இருபத்திரண்டு வீடு முடிந்தும் கால்வாயில் பச்சை தலைகாட்டவில்லை.

"திருடங்க மாதிரி பாத்தீங்களே, இப்ப என்ன சொல்றீங்க?" கடைசி வீட்டு அம்மா வாங்கு வாங்கென்று வாங்கினாள்.

கடுகடுவென்று தெருமுனை நகராட்சி அலுவலகத்துக்குத் திரும்பியவர், சாய வாளியை அங்கிருந்த குழாயடித் தொட்டியில் கழுவினார்.

கால்வாயருகே காவலிருந்த மேஸ்திரி போனில் கூப்பிட்டார்.

"சார், மாட்டிக்கிட்டான். பச்சைப் பசேல்னு வருது. இப்ப எந்த வீட்ல ஊத்தினீங்க?"

இன்ஸ்பெக்டர் குழாயை மூடினார்.

"விதி போட்ட வீட்லதாம்பா."