ஒரே குழாய்

இதய ஆபரேஷனுக்குப் பிறகும் குழந்தை நிலவனின் நுரையீரல் ரத்தக்குழாய்கள் விரியவில்லை. வீட்டுக் குழாயில் வரும் மருந்து வாயுவைச் சுவாசித்தால்தான் விரியும். மாடி வீட்டு பெனாசிரின் மகன் ரிஸ்வானுக்கும் அதே நோய், இரண்டு வீட்டுக்கும் பொதுவான அதே குழாய்.

காலையிலிருந்தே வாயு நூலாகத்தான் வந்தது. நிலவனின் உதடு நீலம் பாரித்துவிட்டது. அம்மா செல்வராணி முகமூடியைப் பிடித்தபடி மீட்டரையே வெறித்துக்கொண்டிருந்தாள்.

திடீரென்று முள் துள்ளி ஏறியது. பிள்ளையின் உதடு சிவந்தது.

தண்ணீர் வந்தாலும் கரண்ட் வந்தாலும் கத்திச் சொல்வது அந்தக் குடியிருப்பின் வழக்கம். அவள் ஜன்னலுக்கு ஓடி மேலே பார்த்துக் கத்தினாள்.

"அக்கா! கேஸ் வந்துடுச்சு! ஃபுல்லா வருது!"

பெனாசிர் எட்டிப் பார்த்தாள்.

"தெரியும் ராணி. நாந்தான் எங்க குழாய மூடினேன். ரிஸ்வானுக்கு இனிமே வேணாம்."