கூடலூரில் இறங்கும் மூன்று பேர்

கம்பம் பள்ளத்தாக்கில் பொறாமையே அறியாத ஒரே ஆண்மகன் நான்தான். சிறப்பாசிரியை வராத நாட்களில், கணக்கு மெதுவாக ஏறும் மூன்றாம் வகுப்பு சுமையாவுக்குச் சொல்லிக்கொடுக்க, கல்லூரியிலிருந்து நானும் ஜெய்லானியும் இந்தப் பள்ளிக்கு வருகிறோம். நான் கரும்பலகையில் அழகாகக் கழித்தல் போடுகிறேன். அவள் ஜன்னல் வெயிலில் மிதக்கும் சாக்பீஸ் தூளைப் பார்க்கிறாள். ஜெய்லானியோ சத்துணவுத் தட்டை ஸ்டீயரிங்காகப் பிடித்து, "பாம் பாம்" என்கிறான். "கம்பத்துல பத்துப் பேரு ஜீப்புல ஏறுறாக. கூடலூர்ல மூணு பேரு இறங்குறாக. மிச்சம் எத்தனை பேரு ஆத்தா?"

"ஏழு!" முன்பல் விழுந்த அந்தச் சிரிப்பு, என் பக்கம் ஒருமுறைகூடத் திரும்பியதில்லை.

"ஏலே, நீ கணக்கு சொல்லிக் குடுக்கிறியா, குமுளிக்கு டிரிப் அடிக்கிறியா?" என்கிறேன். அவன் சிரித்தபடி தண்ணீர் குடிக்கப் போகிறான். சுமையா அவன் போன வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். பலகையில் என் பன்னிரண்டும் நான்கும் அப்படியே நிற்கின்றன. வராந்தாவை எட்டிப் பார்த்துவிட்டுத் தட்டைக் கையில் எடுக்கிறேன்.

"பாம் பாம்," என்கிறேன், வெளியே கேட்காத குரலில். "கம்பத்துல பன்னெண்டு பேரு ஏறுறாக..."

சுமையா திரும்புகிறாள்.